சந்தைக்கு வெளியே ஒரு பாய்: இரங்கூன் தமிழரின் கோடை

'பன்மைச் சமூகம்' என்ற சொல்லை எம்மவரிற் பலர் இன்று ஒரு புகழ்ச்சொல்லாகவே கையாளுகிறார்கள். அதைச் சமூக விஞ்ஞானத்துள் கொண்டுவந்தவரோ அதை ஒரு நோயின் பெயராகத்தான் வைத்தார். ஜே.எஸ். ஃபேர்னிவல் பர்மாவில் சிவில் சேவை அதிகாரியாக இருந்தவர், 1910இல் பர்மா ஆராய்ச்சிச் சங்கம் தோன்ற முன்னின்றவர், சுதந்திரத்தின் பின் ஊ நு அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னவர், 1960இல் இறந்தவர். பர்மாவையும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளையும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1948இல் வெளிவந்தது. ஐரோப்பியர், சீனர், இந்தியர், சுதேசிகள் எல்லோரும் ஒரே நகரில் பக்கம் பக்கமாக வாழ்கிறார்கள்; ஆனால் ஒவ்வொருவரும் தத்தமது மதம், மொழி, வழக்கம் என்ற சுவருக்குள் இருக்கிறார்கள்; வாங்கவும் விற்கவும் சந்தைக்கு வரும்போது மட்டுமே ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள் என்பது அவரது முடிபு. இச்சமூகத்துக்குப் பொதுவான விருப்பம் என்று ஒன்று இல்லை, ஆதலால் அதைச் சேர்த்துப் பிடிக்க வெளியிலிருந்து ஓர் ஆட்சி தேவைப்படுகிறது. ஆட்சி விலகினால் கட்டவிழும்.

நான் கேட்க விரும்பும் கேள்வி சிறியது. வேலை நேரத்தில் சந்தையிற் சந்தித்தவர்கள் வேலையில்லாத நேரத்தில் எங்கே போனார்கள்? கோடை வந்தபோது, முழுநிலவு எறித்தபோது, நகரத்தை விட்டு வெளியே ஓர் ஆற்றங்கரைக்கோ கூத்துக்களரிக்கோ போனபோது, ஒரே பாயில் உட்கார்ந்தார்களா? பொழுதுபோக்கு என்றால் வரலாற்றாசிரியர்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். மரக்கறி கழுவிப் பொதிசெய்யும் தொழிற்சாலையில் இரவுவேலை செய்யும் எனக்கு அது அடிக்குறிப்பாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்துச் சிறுநகரொன்றில், பெல்ட்டின் இரு மருங்கும் லித்துவேனியர், ருமேனியர், கிழக்குத் திமோர்க்காரர், நான் என்று நின்று எட்டுமணி நேரம் கரட் பொறுக்குகிறோம். சனிக்கிழமை வந்ததும் ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஃபேர்னிவல் இங்கு வந்திருந்தால் தன் நூலுக்கு இன்னோர் அத்தியாயம் எழுதியிருப்பார்.

அந்த அத்தியாயத்தின் முடிவு எப்படியிருக்கும் என்பதை 2024இல் கொஞ்சம் பார்த்தோம். யூலை 29இல் சவுத்போர்ட்டில் ஒரு கோடை விடுமுறை நடன வகுப்பில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் கள்ளத்தோணியில் வந்த அகதி என்ற பொய் ஒரே இரவிற் பரவியது. ஓகஸ்ட் 4இல் ரொதர்ஹாமுக்கு அருகே தஞ்சம் கோரியோர் தங்கியிருந்த ஹோட்டலை, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே, கொளுத்த முயன்றார்கள். அந்த வாரம் எங்கள் தொழிற்சாலையில் வேலை நிற்கவில்லை. சந்தை நிற்பதில்லை.

ஆங்கிலேயக் கிராமப்புறம் என்றதும் புல்வெளியும் கிரிக்கெட்டும் பித்தளை வாத்தியக் குழுவும் தேநீர்க் கூடாரமும் எம் கண்ணுக்கு வருகின்றன, ஏதோ ஆதியிலிருந்தே அப்படி இருந்ததைப் போல. அது அப்படி இருந்ததில்லை. பொது மேய்ச்சல் நிலங்களைப் பாராளுமன்றச் சட்டங்களால் வேலியடைத்து எடுத்து, குடியானவனை ஆலைக்குத் துரத்திய வரலாறு அதன் அடியிற் கிடக்கிறது. ஆலைக்குப் போனவன் சும்மா இருந்துவிடவில்லை. லங்காஷயரில் பஞ்சாலை நகரங்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் முழுதாகப் பூட்டி, ஊரோடு கடற்கரைக்குப் போயின. 1932 ஏப்ரல் 24இல் மான்செஸ்ரர்ப் பக்கத்து இளந்தொழிலாளர் சில நூறு பேர், பிரபுக்களின் வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்துக்குள் வேண்டுமென்றே நடந்து போனார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். ஊதியத்தோடு விடுமுறை என்ற சட்டம் 1938இல் வந்தது, தேசியப் பூங்காச் சட்டம் 1949இல். எனவே ஆங்கிலேயனின் கோடை உலா என்பதில் வேலியும் உண்டு, வேலியைத் தாண்டிய தொழிலாளியும் உண்டு.

இரங்கூனுக்குக் கப்பலேறியது வேலி மட்டும்தான்.

1852இல் பிரிட்டிஷார் இரங்கூனைப் பிடித்ததும் சதுரங்கக் கட்டம் போல் தெருக்கள் கீறி ஒரு புதிய நகரத்தைக் கட்டினார்கள். நகருக்கு வடக்கே ஏரிகளைச் சுற்றித் தமக்கென ஒரு நாட்டுப்புறத்தையும் செய்துகொண்டார்கள். இன்று கண்டோஜீ எனப்படும் அரச ஏரியின் கரையில் படகுக் கழகமும் பூங்காவும் வந்தன. குடிநீருக்காக 1880களில் அணைகட்டி உண்டாக்கிய விக்ரோறியா ஏரி, இன்றைய இன்யா, துரைமாரின் பாய்மரப் படகுகளுக்கும் உதவியது. ஜிம்கானா கிளப்பில் விளையாட்டும் நடனமும்; பெகு கிளப்பில் வெள்ளையருக்கு மட்டும் நுழைவு. மார்ச் பிறந்து வெயில் ஏறியதும் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மேமியோ மலைக்கு ஏறிவிடும். ஸ்ரோபெரித் தோட்டமும் மரச்சட்ட வீடுகளும் தாவரப் பூங்காவுமாக அங்கே எழுப்பப்பட்டது ஓர் ஆங்கிலக் கிராமத்தின் நகல். ஜோர்ஜ் ஓர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்தவர். ஆற்றுக்கு அப்பால் சிரியத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்த பகுதியிலும் பணியாற்றினார். 1934இல் அவர் வெளியிட்ட பர்மா நாவலின் மொத்தச் சிக்கலும் ஒரு கிளப்புக்குள் ஒரு சுதேசியைச் சேர்ப்பதா இல்லையா என்பதைச் சுற்றியே போகிறது. ஒரு சாம்ராச்சியத்தின் கதையைச் சொல்ல ஒரு கிளப்பின் வாசற்படி போதுமாயிருந்தது.

மேலே சொன்ன 1938ஐ இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் தொழிலாளிக்கு ஊதியத்தோடு விடுமுறை கிடைத்த அதே ஆண்டின் நவம்பர் இறுதியில், பிரிட்டிஷ் கம்பெனியின் எண்ணெய் வயல்களிலிருந்து பர்மியத் தொழிலாளர் கால்நடையாகப் புறப்பட்டார்கள். பல நூறு மைல் நடந்து 1939 ஜனவரியில் இரங்கூனை அடைந்து ஷ்வேடகோன் அடிவாரத்திற் தங்கினார்கள். பர்மிய ஆண்டுக் கணக்கை வைத்து அதை 1300ஆம் ஆண்டுப் புரட்சி என்கிறார்கள். கிண்டர் ஸ்கவுட் பற்றித் தெரிந்த எம் நண்பர்களுக்குக்கூட இந்த நடை தெரிந்திருப்பதில்லை.

கிளப்பின் வேலிக்கு வெளியே பர்மியரின் பொழுது வேறொரு விதமாக இருந்தது. அதற்கு ப்வே என்று பெயர். விழா, கூத்து, கூட்டம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். மகனைத் துறவுக்கோலம் பூணச் செய்யும் சடங்கு, மகளின் காதுகுத்து, ஒரு பிக்குவின் இறுதிக்கிரியை, ஒரு பகோடாவின் ஆண்டுத் திருவிழா, எதுவானாலும் ஒருவர் செலவை ஏற்பார், ஊர் முழுவதும் பார்க்கும். இருட்டியதும் குடும்பம் குடும்பமாகப் பாய், தலையணை, தேநீர்க் கேத்தில், சுருட்டோடு வந்து தரையில் இடம்பிடிப்பார்கள். இருபத்தொரு மேளங்களை வட்டமாகக் கட்டி நடுவிலிருந்து ஒருவர் வாசிக்கும் சைங் வைங் குழு. எமது நாகசுரத்தின் தம்பிபோல் ஒலிக்கும் ஹ்னே. முதலில் நாட் தேவதைகளுக்குக் காணிக்கையாக ஓர் ஆட்டம். நள்ளிரவுக்குப் பின் நாயகன் நாயகியின் இரட்டையாட்டம். விடியும்போது ஜாதகக் கதையொன்று. இடையிடையே விதூஷகர்கள் அரசாங்கத்தையும் அயலவரையும் பெண்சாதியையும் கிண்டலடிப்பார்கள். பிள்ளைகள் தாயின் மடியில் தூங்கி, சிரிப்பொலி கேட்டு எழும்பி, மறுபடி தூங்கும். ஜே.ஜி. ஸ்கொட் 'ஷ்வே யோ' என்ற புனைபெயரில் 1882இல் எழுதிய நூலில் இதைப் படிக்கும்போது, வட்டுக்கோட்டையிலோ வந்தாறுமூலையிலோ பிறந்த எவருக்கும் இது வெளிநாடாகத் தோன்றாது. போதாக்குறைக்கு இராமன் கதையும் அங்கே உண்டு. 1767இல் அயுத்தியாவை வென்று சிறைப்பிடித்து வந்த கலைஞர்கள் வழியாகப் பர்மிய அரசவைக்குள் அது ஆட்டமாக வேரூன்றியது.

அப்படியானால் தமிழ்க் கூலி ஏன் அந்தப் பாயில் உட்காரவில்லை? 1931ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இரங்கூனின் சனத்தொகை 4,00,415. அதில் இந்தியர் 2,12,929. பாதிக்கு மேல். தெலுங்கர், தமிழர், வங்காளிகள், ஒரியர், இந்துஸ்தானிகள். நகரம் எமது நகரமாகவே இருந்தது. பர்மியர் தம் தலைநகரில் சிறுபான்மையினர். மொழி தெரியாது, மதம் வேறு, சாதிக் கட்டுப்பாடு என்று வழக்கமான விடைகள் உண்டு. அவை பொய்யல்ல. ஆனால் சைங் வைங்கைக் கேட்க மொழி தேவையில்லை, விதூஷகன் விழுந்தெழும்புவதைப் பார்த்துச் சிரிக்கவும் தேவையில்லை. உண்மையான தடை நாட்காட்டியில் இருந்தது என்பது என் வாதம்.

கீழ்ப் பர்மாவில் நெல் அறுவடை மார்கழியோடு முடிகிறது. அதற்குப் பின் மழை வரும்வரை பர்மியக் குடியானவனுக்கு ஓய்வு. கையிற் கொஞ்சம் பணம், வானத்தில் நிலவு, காய்ந்த வயலே களரி. திருவிழாக்களும் ப்வேக்களும் அந்த மாதங்களில்தான் குவிகின்றன. ஷ்வேடகோனின் பெருவிழா தபவுங் மாதப் பௌர்ணமியில், அதாவது எமது மாசி பங்குனியில். இதே மாதங்கள்தான் இரங்கூன் நெல்லாலைகளின் உச்சக்கட்டம். அறுவடையான நெல் ஆறுகளிற் படகேறி நகருக்கு வந்து குத்தப்பட்டு, மூட்டையாகிக் கப்பலேறும் காலம் ஜனவரி முதல் மே வரை. பர்மியக் குடியானவன் ஓய்வெடுக்கத் தொடங்கும் நாளில் தமிழ், தெலுங்குக் கூலியின் உழைப்புத் தொடங்கியது. மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தின் கடன் கழுத்தில். படுக்கக்கூட இடமில்லாத தங்குமனைகளில் முறைவைத்துத் தூங்கியவர்கள் அவர்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால்தான் மற்றவனுக்குப் படுக்கை. விடியவிடியக் கூத்துப் பார்ப்பதற்கு அடுத்த நாள் பகலில் தூங்கும் உரிமை வேண்டும். அந்த உரிமை அவனிடம் இல்லை. அவர்களிற் பெரும்பாலானோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்வே என்பது குடும்பங்கள் பார்ப்பது.

நகரத்தில் அவனுக்கென்று எதுவும் இல்லாமலில்லை. தமிழர் 1871இல் எழுப்பிய காளி கோயில் இருந்தது. செட்டியார்களின் தண்டாயுதபாணிக்கு விழா இருந்தது. தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் கடல் கடந்து வந்தன. பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். சிறுவயதில் நாடகக் குழுவோடு இரங்கூன் வந்தவர்களில் ஒருவர். படித்தோர்க்குப் பத்திரிகைகள் இருந்தன. வெ. சாமிநாத சர்மா 1932இல் வந்து சேர்ந்து, 1937 முதல் அங்கே 'ஜோதி' என்ற இதழை நடத்தினார். அந்த இதழின் தரத்தில் இன்று எமக்கு ஓர் இதழ் உண்டா என்று கேட்டால் இக்காலாண்டிதழின் ஆசிரியர் குழு கோபிக்கக்கூடும். ஆனாலும் இவையெல்லாம் தமிழன் தமிழனைச் சந்தித்த இடங்கள். பர்மியன் அங்கே வரவில்லை. வட்டிக்கடை, துறைமுகம், சந்தை, இவற்றில் மட்டும் வந்தான்.

1930 மே மாதம் துறைமுகத் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது, கப்பல் முகவர்கள் பர்மியரைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பேச்சுவார்த்தை முடிந்து தெலுங்கர் திரும்பியதும் பர்மியரைப் போகச் சொன்னார்கள். மே 26இல் தொடங்கிய வெட்டுக்குத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர். மந்தமோ கடன் சுமையோ விவசாயியை விடவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார்களின் நிலம் 1930களின் இறுதியில் இருபத்தைந்தாயிற்று. 1938 யூலையில் மறுபடி கலவரம். 1941 டிசெம்பர் 23இல் யப்பானியரின் முதற்குண்டு இரங்கூனில் விழுந்தது. 1942இல் ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள், மிகப்பலர் அரக்கான், மணிப்பூர் மலைகள் வழியாகக் கால்நடையாக. பல்லாயிரம் பேர் வழியில் மாண்டார்கள். சாமிநாத சர்மாவும் நடந்தவர். அதை நூலாகவும் எழுதினார்.

யுத்தம் முடிந்து திரும்பியவர்களுக்கு இரண்டாவது அடி 1962 மார்ச் 2இல் நெ வின் ஆட்சியைப் பிடித்ததோடு தொடங்கியது. 1963, 64இல் கடை கண்ணிகள் தேசியமயம். 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் கையில் மோதிரம்கூட இல்லாமல் சென்னைக்குக் கப்பலேறினார்கள். அதே 1964இன் ஒக்டோபர் 30இல்தான் சிறிமாவும் சாஸ்திரியும் எமது மலையக மக்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட்ட ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரு கடல்களிலிருந்து இரு வேறு வரிசைகளாக வந்தவர்களை ஒரே மாநிலம் ஏற்றது. அன்றைய யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கம் இரண்டையும் வெளிநாட்டுச் செய்திபோலவே வாசித்தது.

இங்கிருந்துதான் எனக்கு விஷயம் சுவையாகிறது. இவ்வளவுக்குப் பின்னும் போகாதவர்கள் யார்? நகரத்தின் வக்கீல் போனார், பத்திரிகாசிரியர் போனார், செட்டியார் போனார், நாடகக் கொட்டகை போனது. இரங்கூனுக்கு வெளியே பெகு, சிரியம், கௌக்தான், தத்தோன், மௌல்மேன் பக்கத்து வயல்களில் குத்தகைக்கும் கூலிக்கும் நெல் விளைத்த தமிழ்க் குடியானவர்களிற் கணிசமானோர் அங்கேயே இருந்துவிட்டார்கள். போவதற்குப் பணமில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அவர்களின் நாட்காட்டி பர்மியனின் நாட்காட்டியாகவே இருந்தது என்பதையும் பாருங்கள். ஒரே மழை, ஒரே நாற்று, ஒரே அறுவடை. ஆகவே ஒரே ஓய்வு. மாசி பங்குனியில் இருவருக்கும் வேலையில்லை, இருவருக்கும் நிலவு இருந்தது.

2016 மார்ச்சில் இரண்டு வாரம் யாங்கோன் போயிருந்தேன். பெகு ஆற்றுக்குக் குறுக்கே 1993இல் சீன உதவியோடு கட்டிய பாலம் இருக்கிறது. அதற்கு முன் படகுதான். தான்லியின் என்று இன்று பெயர் பெற்ற சிரியத்தைக் கடந்து கௌக்தான் பகுதியில் பீலிக்கான் என்ற ஊருக்குப் போனால், நெல் வெட்டிய வயல்களின் நடுவே அங்காள ஈஸ்வரி முனீஸ்வரர் கோயில். ஆண்டுத் திருவிழாவில் தீமிதிக்கு நாடெங்குமிருந்து சனம் வந்து குவிகிறது. லொறிகளின் பின்னால் நெருக்கியடித்து நின்று வருகிறார்கள். மஞ்சட் சேலை, வேப்பிலை, முகத்தில் தனகா பூசிய கோலம். வயலில் தார்ப்பாய் கட்டிச் சமைத்து, அங்கேயே படுத்து, இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரங்கூன் தமிழருக்குக் கோடை உலா என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். கிளப்பும் இல்லை, அழைப்பிதழும் இல்லை.

அங்கே ஒரு முதியவரோடு பேச்சுக் கொடுத்தேன். சோறு, தண்ணி, சாமி என்ற சொற்களுக்கு அப்பால் அவரிடம் தமிழ் இல்லை. மிச்சம் முழுதும் பர்மியம். ஆனால் கரகம் புறப்பட்டதும் அம்மன் தாலாட்டை அடி பிசகாமற் பாடினார். பக்கத்தில் ஒரு பர்மியக் குடும்பம் முனீஸ்வரருக்குச் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. தமது நாட் தேவதைகளுள் குடியும் சூதும் விரும்பும் கோ ஜீ ஜ்யோவுக்குப் போத்தல் வைத்துப் பழகியவர்களுக்கு எமது முனி அந்நியமில்லை. பிள்ளையாரை மஹா பெய்ன்னே என்றும் சரஸ்வதியைத் துரததி என்றும் அவர்களுக்கு முன்பே தெரியும்.

மொழி போய்விட்டது, திருவிழா இருக்கிறது. 1960களில் பாடசாலைகள் அரசுடைமையானபின் தமிழ் படிக்க வழியில்லாமற் போனது. அண்மைக் காலத்திற்தான் கோயில் மண்டபங்களில் வகுப்புகள் மறுபடி நடக்கின்றன. மொழியே இனத்தின் உயிர் என்று படித்தும் படிப்பித்தும் வந்த எமக்கு இது விழுங்கக் கடினமான உண்மை. இரங்கூனில் எமது அச்சகங்களும் சங்கங்களும் இரண்டு தலைமுறைக்குமேல் நிற்கவில்லை. நின்றது நெருப்புக் குழியும் தார்ப்பாயும். தமிழை விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் அடுத்த இதழில் எழுதிவிட வேண்டாம். எழுத்தை மட்டும் நம்பிய பகுதி முதலிற் கப்பலேறியது என்பதையே சொல்கிறேன்.

இதை வைத்து எமது கோடையைப் பார்ப்போம். இலண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய மாணவர் சங்கங்கள் மைதானம் வாடகைக்கு எடுத்துக் கிரிக்கெட், வலைப்பந்து, கயிறிழுத்தல், கொத்துரொட்டி என்று நடத்துகின்றன. மாலையானால் மண்டபத்தில் கலைவிழா: முன்வரிசையில் பிரமுகர் நாற்காலிகள், பொன்னாடை, ஒலிவாங்கி. அயலில் உள்ள ஆங்கிலேயர் வாகனத் தரிப்பிடம் நிறைந்துவிட்டதென்று முறையிட மட்டும் வருகிறார்கள். கூத்து மண்டபத்துக்குள் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடியவிடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, கர்ணன் போர், இராவணேசன் என்று படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அது அன்றைக்கு ஒரு பெரும் காரியம். அக்கலையை இழிவென்று நினைத்தவர்களைப் பார்க்க வைத்தது. பர்மாவில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் போ செய்ன் தரையிலாடிய ஆட்டத்தை உயர்ந்த மேடைக்கு ஏற்றியதையும் அப்படியே பாராட்டுகிறார்கள். ஆனால் பர்மாவில் மேடை வந்த பின்னும் பாய் போகவில்லை, விடியும்வரை இருந்தார்கள். எமக்கு மேடையோடு நாற்காலி வந்தது, நாற்காலியோடு டிக்கெட் வந்தது, ஒன்பதரைக்கு மண்டபச் சாவியைக் கொடுக்க வேண்டியும் வந்தது.

என் ஊரில் யூலை மாதம் ஒரு சனிக்கிழமை கிராமத் திடலில் விழா நடக்கும். யாரும் போகலாம், ஜாம் போத்தலும் பழைய புத்தகமும் விற்பார்கள், பிள்ளைகள் சாக்கோட்டம் ஓடுவார்கள். தொழிற்சாலையிலிருந்து எவரும் போவதில்லை. துவேஷத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. யூலைதான் சலாட் பொதிசெய்வதில் உச்சக்கட்டம். ஏஜென்சி வேலைக்காரனுக்கு நாளைக்கு வேலை உண்டா என்பது மாலை ஐந்து மணிக்குக் கைப்பேசியில் வரும் செய்தியில்தான் தெரியும். அவர்களின் ஓய்வும் எமது உழைப்பும் ஒரே மாதத்தில் விழுகின்றன. நெல்லாலைக் கூலிக்கும் பர்மியக் குடியானவனுக்கும் விழுந்ததுபோல.

சேர்ந்து விழாக் கொண்டாடினால் கொலை நடக்காதென்று நான் நம்பவில்லை. கதிர்காமத்தில் நாங்களும் சிங்களவரும் ஒரே தெய்வத்தைக் கும்பிட்டோம். 1983 யூலை வந்தது. 1938 இரங்கூன் கலவரமே ஷ்வேடகோன் மேடையில் நடந்த ஒரு கூட்டத்திலிருந்து ஊர்வலமாக இறங்கியதுதான். பீலிக்கானில் சுருட்டு வைத்துக் கும்பிட்ட அதே வாய் சந்தையில் 'கலா' என்று எம்மை இழிவாக அழைக்கவும் கூடும். 1982 பிரசாவுரிமைச் சட்டம் அங்குள்ள தமிழரிற் பலரை இன்னும் அரைக் குடிமக்களாகவே வைத்திருக்கிறது. ஒரே பாயில் உட்கார்ந்தவர்களுக்குச் சட்டத்தை எழுதும் அதிகாரம் இருக்கவில்லை. பாயின் பலம் அவ்வளவுதான். ஃபேர்னிவலின் சந்தைக்கு அது மாற்று மருந்தல்ல. ஆனால் அவர் சந்தைக்கு வெளியே பொது இடமே இல்லையென்றபோது, நகரத்தின் நாட்காட்டியை மட்டும் பார்த்துச் சொன்னார் என்று எண்ணுகிறேன்.

ஆளுவோர் அந்தப் பொது இடத்தைச் சாதாரணமாக எடுக்கவில்லை என்பதற்கு யாங்கோனே சாட்சி. ஏப்ரல் நடுவில் வரும் திஞ்ஞான் எமது சித்திரைப் பிறப்புத்தான். 'சங்கிராந்தி' என்ற சொல்லின் பர்மிய உருவமே அது. தஜமின், அதாவது இந்திரன், மண்ணுக்கு இறங்கி வருவதாக நம்பிக்கை. தெருவெங்கும் போடும் பந்தலை 'மண்டத்' என்பார்கள், எமது மண்டபம். தலையிற் சூடும் பூ படவுக், எமது வேங்கையின் நெருங்கிய உறவு, முதல் மழைக்கு மறுநாள் பொன்னாகப் பூத்து உதிர்ந்துவிடும். நாலு நாள் எல்லோரும் எல்லோர்மீதும் தண்ணீர் ஊற்றுவார்கள், கலா என்றும் பாமா என்றும் பாராமல். அதனூடே தங்ஜாட் என்று ஒரு பாட்டுமுறை: ஒருவர் சொல்ல, குழு திருப்பிச் சொல்லி, ஆட்சியாளரைக் கேலி செய்யும். 1988 எழுச்சியின் பின் இராணுவம் அதைத் தடைசெய்தது. இருபது ஆண்டுக்கு மேலாகத் தடை நீடித்தது. 1996 ஜனவரி 4, சுதந்திர தினத்தன்று, ஆங் சான் சூ சீயின் வீட்டு முற்றத்தில் தளபதிகளைப் பகிடி பண்ணிய மாண்டலே விதூஷகர்கள் பார் பார் லேயும் லு ஸோவும் ஏழாண்டுச் சிறை பெற்று 2001இல் வெளிவந்தார்கள். தேர்தலில் வந்த அரசாங்கத்தின் காலத்தில்கூட, 2019 ஏப்ரலில், தங்ஜாட் பாடிய 'மயில் தலைமுறை' என்ற இளைஞர் குழுவைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

2021 பெப்ரவரி 1இல் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. ஒரு வாரத்துக்குள் யாங்கோனில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாதென்று 144ஆம் பிரிவு வந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டக்கோவையின் அதே பிரிவு. அந்த ஏப்ரலில் மக்கள் தண்ணீர் விழாவைப் பகிஷ்கரித்தார்கள். வழமையாக வீட்டில் வைக்கும் திஞ்ஞான் பூச்சட்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து, அவற்றில் மூன்று விரற் சின்னத்தைக் கீறி வரிசையாக வைத்துவிட்டு வீடுகளுக்குள் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு இராணுவம் நகர மண்டபத்தின் முன்னால் பெரிய மண்டத் ஒன்றைத் தானே கட்டி, பாட்டும் ஆட்டமும் ஏற்பாடு செய்து, தொலைக்காட்சிக் கமராக்களையும் நிறுத்தியது. சுற்றிலும் காவல் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்ற ஊர்ச்சனம் வரவில்லை.